நுண்ணுயிர்களும் பரிணாமமும்: அடிக்கடி வரும் கேள்விகள்

பரிணாமம் பற்றி எங்கே பேசப் போனாலும் கடைசியில் யாராவது குரங்கைப் பற்றிக் கேட்பார்கள். நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசினால் மட்டும் கேள்விகள் வேறு தினுசாக வருகின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் உறைமோர் வரும் பதிலை முதலில் படித்துவிட்டால் மற்றவை சுலபமாகப் பிடிபடும்.

கே: பரிணாமம் என்றாலே டைனோசர், குரங்கு, மனிதன்தானே? இதில் கிருமிக்கு என்ன வேலை?

கணக்கைப் பாருங்கள். பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. உயிர் இருந்ததற்கு நம்பகமான தடயம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது ஏறக்குறைய 350 கோடி ஆண்டுப் பழசு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் இருக்கும் ஸ்ட்ரோமட்டோலைட் பாறைகள் அவை. நுண்ணுயிர்கள் பாய் விரித்தாற்போலப் படர்ந்து, மேலே மண் படிந்து, அந்த மண்ணுக்கு மேல் மறுபடி படர்ந்து, அடுக்கடுக்காகக் கல்லானவை. அதே மாநிலத்தில் ஷார்க் பே என்ற கடலோரத்தில் இவை இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. விலங்கு என்று சொல்லத்தக்கவை வந்ததோ சுமார் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்தான்.

350 கோடி ஆண்டை 35 வருட அரசாங்க வேலையாக வைத்துக்கொள்வோம். விலங்குகள் பணியில் சேர்ந்தது கடைசி ஆறு வருடத்தில். மனித இனம் உள்ளே வந்தது ஓய்வு பெறும் நாளன்று, பிரிவுபசார விழாவுக்கு நாற்காலி போடும்போது. அதற்கு முன்னால் ஆபீஸை நடத்தியது யார்? பரிணாமத்தில் நுண்ணுயிர்களின் பங்கு என்ன என்று கேட்பதை விட, மற்றவர்களின் பங்கு என்ன என்று கேட்பதே நியாயமாக இருக்கும்.

கே: நாம் மூச்சு விடும் ஆக்சிஜனைக்கூட பாக்டீரியாதான் தந்தது என்கிறார்களே?

ஆமாம். சயனோபாக்டீரியா. நம் ஊரில் நீலப்பச்சைப் பாசி என்போம். பெயரில்தான் பாசி, ஆள் பாக்டீரியா. நெல் வயலில் அசோலா விட்டவர்களுக்கு இவர்களைத் தெரிந்திருக்கும், அசோலாவின் இலைக்குள் உட்கார்ந்து தழைச்சத்து பிடித்துக் கொடுப்பவர்கள் இவர்களுடைய சொந்தக்காரர்கள்தான்.

சூரிய ஒளியை வைத்துத் தண்ணீரைப் பிளந்து, கழிவாக ஆக்சிஜனை விடும் வித்தையை முதலில் கண்டுபிடித்தது இவர்கள். அப்போது கடலில் இரும்பு கரைந்து கிடந்தது. வந்த ஆக்சிஜன் அந்த இரும்போடு சேர்ந்து துருவாகி அடியில் படிந்தது. உலகம் இன்றைக்கு வெட்டியெடுக்கும் இரும்புத் தாதில் பெரும்பகுதி அப்படிப் பட்டை பட்டையாகப் படிந்த பாறைகளிலிருந்து வருவது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் ஆக்சிஜன் காற்றில் தங்க ஆரம்பித்தது. அன்றிருந்த பல உயிர்களுக்கு அது விஷம். ஒதுங்கியவை சேற்றுக்கு அடியிலும், பின்னாளில் மாட்டின் வயிற்றிலும் ஒளிந்துகொண்டன. மற்றவை அந்த விஷத்தையே எரிபொருளோடு சேர்த்து எரிக்கக் கற்றுக்கொண்டன. நாம் அந்த இரண்டாவது கூட்டத்தின் வாரிசுகள்.

கே: டார்வினுக்கு நுண்ணுயிர் பற்றித் தெரியுமா?

உண்டு என்று தெரியும். ஆனால் அவருடைய வாதங்கள் புறா, குருவி, ஆமை, செடி என்று கண்ணுக்குத் தெரிபவற்றையே சுற்றின. அவர் காலத்தில் வாழ்ந்த வில்லியம் டாலிங்கர் என்ற மெதடிஸ்ட் பாதிரியார்தான் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தவர். மதபோதகர், அதோடு நுண்ணோக்கிப் பைத்தியம். இங்கிலாந்தில் 1880 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ ஏழு வருடம், ஒற்றைச் செல் உயிர்களை ஒரு சூடேற்றும் பெட்டியில் வளர்த்து, வெப்பத்தைத் துளித்துளியாக ஏற்றிக்கொண்டே போனார். ஆரம்பம் 15 டிகிரி சொச்சம், முடிவு 70 டிகிரி செல்சியஸ். கடைசியில் இருந்தவை அந்த வெந்நீரில் சௌக்கியமாக நீந்தின, பழைய குளிர்ச்சிக்குக் கொண்டுவந்தால் செத்துப்போயின. 1886இல் ஏதோ விபத்தில் பெட்டி உடைந்து வேலை அதோடு நின்றது. அன்று எடுத்து வைக்க ஃப்ரீசர் இல்லை. அடுத்த கேள்விக்குப் போனால் அந்த ஃப்ரீசர் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

கே: சரி, பரிணாமம் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

வீட்டில் தயிர் எப்படிப் போடுகிறோம்? நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் உறை ஊற்றுகிறோம். விடிவதற்குள் அந்தக் கரண்டியில் இருந்த பாக்டீரியா பெருகிப் பாத்திரத்தை நிரப்பிவிடுகிறது. நாளைக்கு இதிலிருந்து ஒரு கரண்டி. இதையே அளந்து, கணக்கு எழுதி, முப்பது வருடத்துக்கு மேல் செய்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி அதைத்தான் செய்தார். 1988 பிப்ரவரி 24 அன்று, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 12 குடுவைகளில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை விட்டார். பன்னிரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒவ்வொன்றிலும் 10 மில்லி திரவம், அதில் கொஞ்சூண்டு குளுகோஸ். பிற்பகலுக்குள் குளுகோஸ் தீர்ந்துவிடும், அப்புறம் பட்டினி. மறுநாள் அதிலிருந்து 0.1 மில்லி எடுத்துப் புதிய 9.9 மில்லியில் உறை ஊற்றுவார்கள். நூறில் ஒரு பங்குதான் போகிறது என்பதால் பழைய எண்ணிக்கையைத் தொட ஆறேழு தடவை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாளுக்குச் சராசரி 6.6 தலைமுறை என்பது அந்தக் கணக்கு. மனிதர்களுக்கு அவ்வளவு தலைமுறை ஆக நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பிடிக்கும்.

இந்தச் சோதனையின் சூட்சுமம் ஃப்ரீசரில் இருக்கிறது. 500 தலைமுறைக்கு ஒரு முறை, அதாவது 75 நாளுக்கு ஒரு முறை, ஒவ்வொரு குடுவையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பார்கள். வெளியே எடுத்தால் அவை மறுபடி உயிர் பெற்றுவிடும். புதைபடிவம் பேசாது, இவை எழுந்து வந்து சாப்பிடும். முப்பாட்டனையும் பேரனையும் ஒரே குடுவையில் போட்டியிட வைத்து யார் வேகம் என்று பார்க்கலாம். எது யாருடைய கூட்டம் என்று அடையாளம் காண, தட்டில் வளர்த்தால் ஒரு வகை சிவப்பாகவும் இன்னொரு வகை வெள்ளையாகவும் தெரியும்படி முன்பே ஏற்பாடு. 20,000 தலைமுறை ஆனபோது பேரர்கள் முப்பாட்டனை விடச் சுமார் 70 சதவீதம் வேகமாகப் பெருகினார்கள். பன்னிரண்டு குடுவைகளிலும் இதே போக்கு.

2003 தொடக்கத்தில் ஒரு குடுவை மட்டும் வழக்கத்தை விடக் கலங்கலாக இருந்தது. வெளியிலிருந்து வேறு ஏதோ கிருமி விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பார்த்தால் அதே ஈ.கோலைதான். அந்தத் திரவத்தில் குளுகோஸோடு சிட்ரேட்டும் உண்டு, எலுமிச்சையில் புளிப்பைத் தரும் சிட்ரிக் அமிலத்தின் வகையறா. ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலைக்கு அதைச் சாப்பிடத் தெரியாது. பதினைந்து வருடமாகச் சோற்றுப் பானைக்குப் பக்கத்திலேயே மூடி போட்ட இன்னொரு பானை இருந்த மாதிரி. 31,000 தலைமுறைக்கு மேல் ஆன பிறகு ஒரு கூட்டம் அந்த மூடியைத் திறந்துவிட்டது.

எப்படித் திறந்தது? சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் மரபணு ஈ.கோலையிடம் முன்பே இருந்தது, ஆனால் ஆக்சிஜன் இருந்தால் அதன் ஸ்விட்ச் அணைந்துவிடும். டி.என்.ஏ. நகலெடுக்கும்போது நேர்ந்த பிழையில் அந்த மரபணுவின் ஒரு பிரதி, ஆக்சிஜன் இருக்கும்போதும் எரிகிற வேறொரு ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இது மட்டும் போதுமா என்று பார்க்க, லென்ஸ்கியின் மாணவர் ஸக்கரி ப்ளவுன்ட் ஃப்ரீசரைத் திறந்து பழைய தலைமுறைகளை எழுப்பி, மறுபடி மறுபடி ஓடவிட்டார். 20,000 தலைமுறைக்கு முந்தையவை ஒன்றுகூட அந்த வித்தையைக் கற்கவில்லை. அதற்குப் பிந்தையவற்றில் சில கற்றன. அதாவது, அப்போதைக்குப் பெரிய பயன் எதுவும் வெளியே தெரியாத சில மாற்றங்கள் முதலில் நடந்து தளம் போட்டிருக்க வேண்டும். 2008இல் இந்த முடிவு வெளியானது. பரிணாமத்தில் தற்செயலுக்கும் பழைய வரலாற்றுக்கும் எவ்வளவு இடம் என்று புத்தகத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, ஒரு கலங்கிய குடுவை பதில் சொன்னது.

கொரோனா ஊரடங்கில் எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். 2022இல் குடுவைகள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறின. உறை ஊற்றுவது தொடர்கிறது.

கே: ஆனாலும் அது பாக்டீரியாவாகத்தானே இருக்கிறது? வேறு உயிராக மாறிவிடவில்லையே?

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்காத கூட்டமே கிடையாது. "பாக்டீரியா" என்பது "விலங்கு" என்பதை விட அகலமான பெயர். கொசு யானையாக மாறினால்கூட "இன்னும் விலங்காகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிடலாம்.

நுண்ணுயிரியல் படித்த பிள்ளைகளிடம் கேளுங்கள். கல்லூரிச் செய்முறையில் சிம்மன்ஸ் சிட்ரேட் என்று ஒரு சோதனை உண்டு. சோதனைக் குழாயில் சாய்வாக உறைந்த பச்சை ஜெல்லி, அதன் மேல் பாக்டீரியாவை இழுத்து வைத்துவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்றால் குழாய் நீலமாகியிருக்கும். ஈ.கோலை என்றால் பச்சை பச்சையாகவே நிற்கும். ரெக்கார்டு நோட்டில் "நெகட்டிவ்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவோம். சிட்ரேட்டைச் சாப்பிடாதது என்பதே ஈ.கோலையை ஈ.கோலை என்று அடையாளம் காட்டும் குறிகளில் ஒன்று. அந்தக் குறியே லென்ஸ்கியின் குடுவையில் அழிந்துபோனது. முப்பது வருடத்துக்கு இது குறைச்சல் இல்லை.

பெரிய தாவல் வேண்டுமென்றால் ஈஸ்ட்டைப் பாருங்கள். 2012இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராட்க்ளிஃப் குழுவினர், தனித்தனிச் செல்லாக வாழும் ஈஸ்ட்டை வளர்த்து, தினமும் அடியில் சீக்கிரம் படிபவற்றை மட்டும் அடுத்த குழாய்க்கு மாற்றினார்கள். இரண்டே மாதத்தில், பிரியாமல் ஒட்டிக்கொண்டு பூப்போல வளரும் கொத்துகள் வந்துவிட்டன. பல செல் உயிரின் முதல் படி அது. கைக்குக் கிடைத்த விதி "கனமாக இரு" என்பது ஒன்றுதான்.

கே: ஆன்டிபயாடிக் சாப்பிடுவதால்தான் கிருமி பழகிக்கொள்கிறதா?

"பழகிக்கொள்கிறது" என்ற சொல்தான் ஆளைக் குழப்புவது. மிளகாய்க் காரம் பழகுவது போல ஒவ்வொரு கிருமியும் மருந்தைப் பழகிக்கொள்வதில்லை. தாங்கக்கூடியவை சில முன்பே இருக்கும். மருந்து மற்றதைக் கொன்று அவற்றுக்கு இடத்தைக் காலி செய்து தருகிறது.

இது எப்படித் தெரியும்? 1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் செய்த சோதனை. இன்டியானாவில் ஒரு விருந்தில், சக ஆசிரியர் ஒருவர் காசு போட்டுச் சுழற்றும் சூதாட்ட மெஷினில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லூரியாவுக்குப் பொறி தட்டியது. பெரும்பாலும் ஒன்றும் விழாது, எப்போதோ ஒரு தடவை கொட்டும். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் ஒன்றை வைத்து இதையே அவர் சோதித்தார். தனித்தனிக் குழாய்களில் பாக்டீரியாவை வளர்த்து, பிறகு வைரஸ் பூசிய தட்டுகளில் கொட்டி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணினார். வைரஸைப் பார்த்த பிறகுதான் மாறுகின்றன என்றால் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வர வேண்டும். வந்தது அப்படியில்லை. பல தட்டுகளில் பூஜ்யம், சிலவற்றில் ஒன்றிரண்டு, எங்கோ ஒன்றில் கூட்டம். அந்தக் குழாயில் மாற்றம் ஆரம்பத்திலேயே நடந்து, வைரஸின் முகத்தைப் பார்க்கும் முன்பே வம்சம் பெருகியிருந்தது. பொறுமையாக எண்ணியதில் கிடைத்த இந்த முடிவும் சேர்ந்துதான் 1969இல் இருவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்தது.

கண்ணால் பார்க்க விரும்புபவர்களுக்கு 2016இல் ஹார்வர்டில் ராய் கிஷோனி குழு செய்த ராட்சதத் தட்டு இருக்கிறது. 2 அடி அகலம், 4 அடி நீளம், கறுப்பு ஜெல்லி. இரண்டு ஓரத்திலும் மருந்து இல்லை. உள்ளே போகப் போகப் பட்டைக்குப் பட்டை மருந்து பத்து மடங்கு ஏறும். பாக்டீரியா வெள்ளையாகப் பரவி ஒவ்வொரு எல்லையிலும் மோதி நிற்கும். பிறகு ஏதாவது ஒரு புள்ளியில் மட்டும் உடைத்துக்கொண்டு விசிறிபோல உள்ளே விரியும். பன்னிரண்டு நாளுக்குள் நடுப்பட்டையைத் தொட்டுவிட்டது.

பென்சிலின் கண்டுபிடித்த ஃப்ளெமிங்கே 1945 நோபல் உரையில், அரைகுறை அளவில் மருந்து எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று எச்சரித்துவிட்டார். சளிக்கு, அதுவும் வைரஸால் வரும் சளிக்கு, கவுன்டரில் நின்று "ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்குவது எண்பது வருடம் கழித்தும் நிற்கவில்லை.

கே: பாக்டீரியா ஒன்றுக்கொன்று மரபணுவைக் கைமாற்றும் என்பது உண்மையா?

உண்மை. நம்மைப் போலப் பிள்ளைக்குத்தான் சொத்து என்று அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டில் காபிப்பொடி கடன் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்வார்கள், திருப்பித் தருவது மட்டும் கிடையாது. 1928இல் ஃப்ரெடரிக் கிரிஃபித், செத்த நிமோனியாக் கிருமியிடமிருந்து உயிருள்ள கிருமி குணத்தை எடுத்துக்கொள்வதைக் கண்டார். 1946இல் லெடர்பர்க்கும் டேட்டமும் பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுவைப் பரிமாறிக்கொள்வதைக் காட்டினார்கள். பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையம் இந்த வேலைக்கென்றே செய்த டப்பா மாதிரி, இனம் விட்டு இனம்கூடத் தாவும்.

என்.டி.எம்.-1 நினைவிருக்கிறதா? கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையும் உடைக்கும் நொதியின் மரபணு. இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் கண்டு 2009இல் அறிவித்தார்கள். பெயரில் "நியூ டெல்லி" என்று வைத்ததால் பெரிய அரசியல் சண்டையே நடந்தது. 2010இல் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், மாதிரிகளில் சென்னையுடையவையும் உண்டு. பெயர்ச் சண்டையில் முக்கியமான விஷயம் அமுங்கிப்போனது என்பது என் அபிப்பிராயம். அந்த மரபணு பிளாஸ்மிட்டில் இருந்தது, ஈ.கோலையிடமும் கிளெப்சியெல்லாவிடமும் ஒரே சரக்கு. அதற்கு பாஸ்போர்ட் தேவையில்லை.

கே: இந்தக் கடன் பாக்டீரியாக்களுக்குள் மட்டும்தானா?

இல்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்கு சாப்பிட்டிருப்பீர்கள். அதன் டி.என்.ஏ.வுக்குள் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவின் மரபணுக்கள் இருக்கின்றன. 2015இல் 291 பயிர் ரகங்களைப் பார்த்தார்கள், அத்தனையிலும் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் மரபணு மாற்றப் பயிர் செய்ய இதே பாக்டீரியாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். இயற்கை அந்த வேலையை எந்த அனுமதியும் கேட்காமல் எப்போதோ செய்துவிட்டது.

காபித் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த காய்த்துளைப்பான் வண்டு இன்னொன்று. 1990இல் நீலகிரியின் கூடலூரில் தலைகாட்டி அப்புறம் தென்னிந்தியாவின் தோட்டங்களில் பரவிய பூச்சி. காபிக்கொட்டையில் சேமித்து வைத்திருக்கும் கடினமான சர்க்கரைச் சங்கிலியைச் செரிக்கும் மரபணு அதனிடம் இருக்கிறது, நெருங்கிய உறவுக்கார வண்டிடம் இல்லை. பாக்டீரியாவிடமிருந்து வாங்கியது என்று 2012இல் காட்டினார்கள். குடலுக்குள் இருந்தவன் சொத்தை எழுதிவைத்துவிட்டான் போலிருக்கிறது.

ஜப்பானியர்கள் கடல்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிச் சாப்பிடுவார்கள். அவர்கள் குடல் பாக்டீரியாவிடம் அந்தப் பாசியைச் செரிக்கும் மரபணு உண்டு, கடல் பாக்டீரியாவிடமிருந்து வந்தது. 2010இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது அமெரிக்கர்களின் குடலில் அது கிடைக்கவில்லை.

கே: அப்படியானால் பாடப் புத்தகத்து உயிர் மரம் தப்பா?

தப்பில்லை, மரம்தான் வேறு. புத்தகத்தில் வரைவது சவுக்கு மாதிரி, நேராக மேலே போய்ப் பிரியும். உண்மையில் இருப்பது ஆலமரம். விழுது இறங்கும், ஒரு கிளையின் விழுது இன்னொரு கிளையோடு ஒட்டிப் பின்னிக்கொள்ளும், எது முதல் அடிமரம் என்று தேட வேண்டியிருக்கும்.

அந்த மரத்தின் பெரிய கிளைகள்கூட நுண்ணுயிரால்தான் திருத்தி வரையப்பட்டன. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், பாக்டீரியா என்று நினைத்திருந்த ஒரு கூட்டம் உண்மையில் தனி வம்சம் என்று காட்டினார்கள். ஆர்க்கியா என்று இன்று சொல்கிறோம். செடி, காளான், நாம் எல்லோரும் அந்த வரைபடத்தில் ஓரத்துச் சின்னக் கொம்புகள்.

கே: நம் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனி பாக்டீரியாவா?

ஆமாம். இதை அழுத்திச் சொன்னவர் லின் மார்குலிஸ். செல்லுக்குள் வேறு உயிர் குடிவந்தது என்ற கருத்து அவருக்கு முன்பே ரஷ்யாவில் மெரெஷ்கோவ்ஸ்கி போன்றவர்களிடம் இருந்தது, யாரும் சீந்தவில்லை. மார்குலிஸின் கட்டுரையைப் பதினைந்து இதழ்கள் வரை திருப்பியனுப்பிய பிறகு 1967இல் ஒன்று போட்டது. அப்போது அவருக்கு வயது 29.

இன்றைக்கு ஆதாரம் கொட்டிக்கிடக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. மனிதனில் 16,569 எழுத்து, 37 மரபணு, பாக்டீரியாவில் இருப்பது போலவே வட்ட வளையம். புதிதாக யாரும் செய்து தர முடியாது, இருக்கும் ஒன்று இரண்டாகப் பிளந்துதான் இன்னொன்று வரும். புரதம் செய்யும் எந்திரம் பாக்டீரியா மாடல். அதனால்தான் பாக்டீரியாவின் அந்த எந்திரத்தைக் குறிவைக்கும் சில ஆன்டிபயாடிக்குகள் நம் மைட்டோகாண்ட்ரியாவையும் கொஞ்சம் பதம் பார்க்கின்றன. குளோராம்பெனிகால் எலும்பு மஜ்ஜையைப் பாதிப்பதற்கு ஒரு காரணம் இதுதான். பழைய உறவு மருந்துச் சீட்டில் பக்க விளைவாக வந்து நிற்கிறது. செடியின் பச்சையம் இருக்கும் பசுங்கணிகமும் இதே கதை, அது உள்ளே குடிவந்த சயனோபாக்டீரியா.

குடிவந்தவர் பாக்டீரியா சரி, வீட்டுக்காரர் யார்? 2015இல் கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே கடலடி வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகிலிருந்து எடுத்த சேற்றில், நம் வகைச் செல்களுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்திருந்த மரபணுக்களோடு ஒரு ஆர்க்கியா கூட்டத்தின் டி.என்.ஏ. கிடைத்தது. ஆளைப் பார்க்க முடியவில்லை. ஜப்பானியக் குழு ஒன்று தங்கள் கடலின் 2,500 மீட்டர் ஆழத்துச் சேற்றை வைத்து அந்த வகையில் ஒன்றை வளர்த்தெடுக்கப் பன்னிரண்டு வருடம் மெனக்கெட்டது. ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும், இந்த மகாராஜாவுக்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும். 2020இல் படம் வெளியானது. சின்ன உருண்டை, அதிலிருந்து நீளநீளமாகக் கைகள். பக்கத்தில் வேறு நுண்ணுயிர்கள் இல்லாமல் அது வாழாது. அப்படிக் கைபோட்டு அணைத்ததில் ஒரு நாள் பக்கத்துவீட்டுக்காரர் உள்ளேயே தங்கிவிட்டார் என்பது அவர்கள் ஊகம்.

கே: வைரஸ் உயிரே இல்லை என்கிறார்கள். அதற்கும் பங்கு உண்டா?

நம் டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின் மிச்சம், தங்கள் மரபணுவைச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும் வகை. பெரும்பாலும் இடிந்த கட்டடம். ஆனால் சில இன்னும் வேலை செய்கின்றன. வைரஸ் செல்லோடு ஒட்டிக் கலக்கப் பயன்படுத்திய புரதம்தான் இன்று சின்சிட்டின் என்ற பெயரில், நஞ்சுக்கொடியில் தாய்க்கும் சேய்க்கும் இடையிலான திசுவைச் செல்கள் ஒன்றாகக் கலந்து உருவாக்க உதவுகிறது. 2000இல் கண்டுபிடித்தார்கள். எலியிடமும் இப்படி ஒன்று உண்டு, ஆனால் அது வேறொரு வைரஸிடமிருந்து தனியாக வாங்கியது. அந்த மரபணுவை எடுத்துவிட்டால் எலிக்கரு பிழைப்பதில்லை.

கே: நோய்க்கிருமிகள் மனிதனை மாற்றியிருக்கின்றனவா?

மலேரியா ஒன்று போதும் உதாரணத்துக்கு. அரிவாள் செல் சோகைக்குக் காரணமான மரபணு இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. 1954இல் ஆப்பிரிக்காவில் ஆந்தனி அலிசன் இதைக் காட்டினார். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மரபணு இருப்பது பதிவாகிவிட்டது. இந்தியாவின் முதல் பதிவுகளில் ஒன்று அது. ஒட்டுண்ணி போட்ட கணக்கை இன்றைக்கும் அந்த மலைக் குடும்பங்கள் கட்டிக்கொண்டிருக்கின்றன.

கே: உடம்பில் நம் செல்லை விடப் பத்து மடங்கு பாக்டீரியாவாமே?

பழைய கணக்கு. 2016இல் திருத்திவிட்டார்கள். சராசரி ஆணுக்கு மனிதச் செல் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

கே: பூச்சிகளுக்கும் இப்படிக் குடித்தனக்காரர்கள் உண்டா?

அவரைச் செடியில் மொய்க்கும் அசுவினியைப் பாருங்கள். அது குடிப்பது வெறும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரியான செடிச் சாறு, சத்து போதாது. உடம்புக்குள் இருக்கும் பக்னெரா என்ற பாக்டீரியாதான் தேவையான அமினோ அமிலங்களைச் செய்து தருகிறது. பல கோடி ஆண்டுகளாகத் தாயிடமிருந்து குஞ்சுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே வாழத் தேவையான மரபணுக்களையெல்லாம் தொலைத்துவிட்டது. ஈ.கோலைக்கு 46 லட்சம் எழுத்து என்றால் இதற்கு ஆறரை லட்சத்துக்கும் குறைவு.

உல்பேக்கியா என்ற பாக்டீரியா வேறு குணம். பெரும்பாலும் பூச்சியின் முட்டை வழியாகவே பரவும், அதனால் இனப்பெருக்கத்தையே தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளும். இது குடியிருக்கும் ஏடிஸ் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாக வளர்வதில்லை. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திகள் ஆராய்ச்சி மையத்திலும் அப்படிப்பட்ட கொசுக்களை வளர்த்திருக்கிறார்கள்.

கே: அப்படியென்றால் நம் சமையலறையிலும் பரிணாமம் நடக்கிறதா?

தயிர்ப் பாக்டீரியா வீட்டு விலங்கு மாதிரிதான், மாடு, நாய் போல. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்பது யோகர்ட்டில் இருப்பது. அதன் உறவினர்களில் நிமோனியா கொடுப்பவர்களும் உண்டு. 2004இல் அதன் டி.என்.ஏ.வைப் படித்தபோது மரபணுக்களில் பத்தில் ஒன்று உடைந்து கிடந்தது. பாலிலேயே வாழ்பவனுக்கு ஆயுதம் எதற்கு, வேறு சர்க்கரையைச் செரிக்கும் வசதிதான் எதற்கு? பயன்படாதது துருப்பிடித்துவிட்டது.

இட்லி மாவு அப்படியில்லை. அதற்கு யாரும் உறை ஊற்றுவதில்லை. ஒவ்வொரு தடவையும் உளுந்தோடு வந்த லூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் புதிதாக ஆரம்பிக்கின்றன. தயிரில் ஓடுவது ஒரே வம்சம், இட்லி மாவில் நடப்பது தினம் ஒரு புதுக் குடியேற்றம். வீட்டுத் தயிரும் முழுக்கத் தூய வம்சம் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் மறந்து எல்லாத் தயிரையும் மோராக்கிவிட்டால், எதிர்வீட்டிலோ பாக்கெட்டிலோ வாங்கிப் புது வம்சம் தொடங்குகிறோம்.

கே: பிள்ளைகளுக்கு வீட்டிலோ பள்ளியிலோ காட்ட ஏதாவது இருக்கிறதா?

மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள், அது ஆய்வுக்கூடத்துக்கு உரியது. தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். துளித் தயிரைக் கண்ணாடித் தட்டில் தண்ணீரோடு கலந்து மெல்லியதாக இழுத்து, காயவிட்டு, அடியில் லேசாகச் சூடு காட்டி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்துக் கழுவுங்கள். நுண்ணோக்கியில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் இருந்தால் நல்லது. நீல உருண்டைகள் மணி கோத்தாற்போலச் சரம் சரமாகத் தெரியும், நடுநடுவே குச்சிகள். பாக்கெட் தயிரையும் வீட்டுத் தயிரையும் இரண்டு தட்டில் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். உருண்டையும் குச்சியும் இரண்டிலும் ஒரே விகிதமா என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.